எட்டாம் நம்பர் சட்டை

வெளியே தார் இளகுகிற வெயில். காரில் ஏறி உட்கார்ந்தால் சீட்டு சுடும். அந்த நேரம் பார்த்து என் சின்ன மருமகள் சுதா, "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டீங்களா அத்தை?" என்று கேட்பாள். டெக்சாஸில் இர்விங் என்கிற இந்த ஊருக்கு வந்த புதிதில், என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். எனக்குச் சர்க்கரை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஊரில் ரோட்டில் நடப்பவர் யாரும் இல்லை, நடந்தால் போலீஸ்காரன் காரை நிறுத்தி என்ன ஆயிற்று என்று கேட்பான். அதனால் வயசானவர்கள் மாலுக்குள் போய் நடக்கிறார்கள். கடைகள் திறக்கும் முன்பே மாலின் பெரிய கதவுகளைத் திறந்து வைத்து, நடக்கிறவர்கள் நடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் வாங்காதவர்களுக்காகக் கதவைத் திறந்து வைக்கும் கடைவீதியை நான் கோபிச்செட்டிபாளையத்தில் கண்டதில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். அதைவிடப் பெரிய ஆச்சரியம் அந்த மாலின் நடுவே இருந்தது. மேல்மாடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். கீழே ஒரு களத்துமேடு அளவுக்கு வெள்ளையாகப் பனிக்கட்டி. அதன்மேல் காலில் கத்தி கட்டிக்கொண்டு சனங்கள் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். கண்ணாடிக் கூரைக்கு மேலே சூரியன் கொதிக்கிறது. கூரைக்குக் கீழே பனி. ஸ்வெட்டர் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். படிப்பு மூன்றாவதோடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. ஆனால் தோட்டம், துரவு, மாடு, கன்று எல்லாவற்றையும் கட்டி ஆண்டவள். சந்தைக்கு எருது ஓட்டிப் போனால் என் வீட்டுக்காரர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிவிட்டு, முடிவு சொல்வதற்கு முன் ஒருதரம் என் முகத்தைப் பார்ப்பார். அப்படி இருந்தவள் இங்கே கார்க்கதவைத் திறக்கக்கூட மருமகளை எதிர்பார்த்து நிற்கிறேன். சுதா கோயமுத்தூர்ப் பெண். என்ஜினியரிங் படித்தவள். இந்த நாட்டில் புருசனுக்குத்தான் வேலை செய்ய அனுமதி, அவளுக்கு இல்லை. அதனால் தினமும் என்னை மாலுக்குக் கூட்டிப்போவது அவளுக்கு வேலை மாதிரி ஆகிவிட்டது.

ரேமண்டை அங்கேதான் பார்த்தோம். நெடுநெடுவென்ற கிழவர், என்னைவிட மூத்தவர். தினமும் ஒரு சுற்று நடப்பார், பிறகு கம்பியோரம் நின்று கீழே பனியையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டால் தொப்பியை எடுத்து, "குட் மார்னிங் மேடம்" என்பார். தொப்பியை எடுத்தால்தான் முகம் முழுதாகத் தெரியும். அந்த முகத்தை முதல்முறை பார்த்த அன்று நடப்பதை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். மூக்கு ஒருபக்கம் சாய்ந்து, மறுபடி இன்னொரு பக்கம் சாய்ந்திருந்தது. புருவம், கன்னம், தாடை, உதடு என்று எங்கே பார்த்தாலும் தையல் தழும்பு. பழைய சாக்கைத் தைத்துத் தைத்துப் போட்டதுபோல.

"ஏன் அம்மிணி, இந்த மனுசனை லாரி அடிச்சிருக்குமோ? கேளு."

"இங்க அப்படியெல்லாம் கேக்கக் கூடாதுங்கத்தை. பர்சனல்."

"என்ன பர்சனல்? மூஞ்சிலதான வெச்சிருக்கறாரு."

நாங்கள் பேசுவது தன்னைப் பற்றித்தான் என்று அவருக்கே புரிந்துவிட்டது. முகத்தைத் தொட்டுக்காட்டி ஒற்றை வார்த்தை சொன்னார். "வொர்க்."

"வேலை செஞ்ச எடத்துல ஆனதாமுங்க" என்றாள் சுதா.

"எந்த மில்லு?" என்றேன். எங்கள் பக்கம் பஞ்சு மில்லில் கை போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முகம் இப்படிப் போனவரைப் பார்த்ததில்லை.

சுதா நெளிந்துகொண்டே கேட்டாள். அவர் சிரித்தார் பாருங்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே முன்பற்களைக் கொத்தாகக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பிறகு பல்லைப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டிக் கீழே இருந்த பனியைக் காட்டினார். அதுதான் அவருடைய மில்.

அவர் ஐஸ் ஹாக்கி ஆடியவராம். ஹாக்கி எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் வளைந்த கட்டையும் பந்துமாக ஆடுவார்கள், நான் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். இது பனியில் ஆடுவது. காலில் கத்தி, கையில் கட்டை, பந்துக்குப் பதிலாகக் கல் மாதிரி ஒரு ரப்பர் வில்லை. போதாததற்கு ஒருவனை ஒருவன் மரப்பலகைச் சுவரில் மோதித் தள்ளலாம், அதற்குத் தண்டனை கிடையாது. தலைக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் ஆடியிருக்கிறார்கள். கிழிந்தால் அறைக்குள் கூட்டிப்போய், மரத்துப்போக ஊசியும் போடாமல் தைத்து, திரும்ப ஆட அனுப்புவார்களாம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் பொய்ப்பல்லைக் கழற்றி ஆளுக்கொரு காகிதக் குவளையில் போட்டு வரிசையாக வைத்துவிட்டுப் போவார்களாம்.

"பல்லு மாறிப் போகாதா?" என்று கேட்டேன்.

சுதா கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். "எப்பவாச்சும் மாறுமாங்கத்தை. அன்னைக்கு மத்தவன் மத்தியானம் என்ன தின்னான்னு தெரிஞ்சுக்கலாம்ங்கறாரு."

இதை ஒரு தொழில் என்று செய்து, அதற்குச் சம்பளம் வாங்கி, அதனால் பேரும் புகழும் பெற்றவர் அந்த ரேமண்ட். கனடாவில் வடக்குக் கோடியில் ஒரு சுரங்க ஊர் அவருடையது. அப்பா சுரங்கத்தில் இறங்கி, இருமி இருமிச் செத்தவர். இவர் உறைந்துபோன ஆற்றில் ஆடப் பழகி, மீசை முளைக்கும் வயதில் பெரிய நகரத்துக் குழுவில் சேர்ந்துவிட்டார். பனி ஆட்டம் சம்பளத் தொழிலாகக் காலூன்றிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் அவர் மகள் டயான் ஒரு பழைய படம் கொண்டுவந்து காட்டினாள். நெற்றியில் விழும் முடியும் நேரான மூக்குமாக, கல்யாண மாப்பிள்ளைபோல ஒரு வாலிபன், நெஞ்சில் குழுவின் முத்திரையோடு கம்பளிச் சட்டை போட்டு நிற்கிறான். இதே முகமா அது என்று நான் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தேன். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு வடக்குக் காற்று என்று பட்டம் வைத்திருந்தார்களாம். எங்கள் பாஷையில் அது வாடை என்று சொல்லச் சொன்னேன். "வாடை" என்று அவர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் பெயரைச் சொன்னால் சனம் கூரை அதிரக் கத்துமாம். ஜெயித்தால் தோளில் தூக்கிக்கொண்டு வீதியில் போவார்களாம்.

பனிக்காரர் எதற்கு டெக்சாஸ் வந்தார் என்று கேட்டேன். மனைவி போன பிறகு மகள் கூட்டிவந்துவிட்டாள், என்னைப் போலத்தான். அந்தச் சமயம் டல்லாசுக்கும் ஒரு ஹாக்கிக் குழு வந்திருந்தது. குளிர் ஊரில் இருந்த குழுவை அப்படியே பெயர்த்து இந்த வெயிலில் நட்டுவிட்டார்களாம். ஆட்களை மட்டுமல்ல, குழுவையே ஊர் மாற்றுகிற தேசம் இது என்று தெரிந்துகொண்டேன்.

ஒரு குளிர்கால முடிவில் டயான் முகமெல்லாம் பூரித்து வந்தாள். அப்பாவின் பழைய குழு அவரை மரியாதை செய்யக் கூப்பிட்டிருக்கிறது. அவர் போட்டிருந்த எட்டாம் நம்பர் சட்டையைப் பெரிய அரங்கின் கூரையில் தூக்கித் தொங்கவிடப் போகிறார்கள். இனிமேல் அந்தக் குழுவில் யாருக்கும் அந்த நம்பரைக் கொடுக்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய கௌரவம் அந்த ஆட்டத்தில் இல்லையாம். அவரோ வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். காரணமும் சொல்லவில்லை. வயசில் பெரியவர் நீங்கள் சொன்னால் கேட்பார் என்று டயான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் அதிர்ந்துபோயிருந்தேன். "உசிரோட இருக்கறவரு சட்டையை எதுக்கு அம்மிணி தொங்க விடறாங்க? நம்மூர்ல அதெல்லாம் போனவங்களுக்குத்தான செய்வாங்க?"

"இங்க இது பெரிய மரியாதைங்கத்தை."

"அதுவும் எட்டாம் நம்பரு. எட்டு ஆருக்கு ஆகுது?"

"அத்தை, உங்க கால்ல விழறேன், அதை நான் டிரான்ஸ்லேட் பண்ண மாட்டேன்."

கேலி ஒருபக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்தியது அந்த இன்னொரு விஷயம். பெருமை உள்ள ஒன்றை இனி ஒருவருக்கும் தராமல் பூட்டி வைப்பது. எங்கள் பக்கம் ஒரு மனுசன் நல்லபடி வாழ்ந்தான் என்றால் அவன் பெயரைப் பேரன்களுக்கு வைப்போம். என் மாமனார் பெயர் பழனிச்சாமி. என் பெரியவனுக்கும் அதே பெயர், என் கொழுந்தன் மகனுக்கும் அதே பெயர், நாத்தனார் மகனுக்கும் அதே பெயர். கடுதாசி வந்தால் மூன்று வீட்டுக்கும் போய்விட்டுத்தான் உரிய ஆளிடம் வந்து சேரும். மாமனார் பெயர் என்பதால் நான் பெற்ற பிள்ளையை ஒருநாளும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவன் என்பேன், கண்ணு என்பேன். ஒரு பெயரை மூன்று பேர் சுமக்கிறார்கள், யாரும் யாரிடமும் என்னுடையது என்று சண்டைக்குப் போனதில்லை. இதைத்தான் மாலின் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே காப்பி வைத்துக்கொண்டு ரேமண்டிடம் சொன்னேன். அவர் காப்பியைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சுதா சொல்லி முடித்ததும் குவளையைத் தள்ளி வைத்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். டயான் பக்கத்திலேயே இருந்தாள்.

அந்தக் குழு அவரை விற்றுவிட்டதாம். ட்ரேட் என்றார். அந்தக் காலத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அந்த முதலாளியின் ஆள். தானாக வேறு குழுவுக்குப் போக முடியாது. ஆனால் முதலாளி நினைத்தால் இன்னொரு முதலாளிக்குக் கொடுத்துவிடலாம். அடுத்த ஊர் ஆட்டத்துக்காகக் குழு முழுவதும் ரயிலில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில், பனி கொட்டுகிற மாலையில், மேனேஜர் வந்து, "ரே, உன் பையை எடுத்துக்கொண்டு இறங்கு, எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் ஏறு" என்று சொன்னான். அவ்வளவுதான். கூட ஆடியவர்கள் சன்னலுக்குள் இருந்து பார்க்கிறார்கள். காலில் கட்டும் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். ரயில் போய்விட்டது. சட்டை குழுவுக்குச் சொந்தம், அது ரயிலிலேயே போய்விட்டது.

மனுசனை விற்பதா? "நாங்க மாடுதான் விப்போம்னு சொல்லு" என்றேன் சுதாவிடம். "அதுக்கும் ஒரு முறை இருக்குது. விக்கற அன்னைக்குக் குளிப்பாட்டி, வயிறு நெறையத் தீனி வெச்சு, நெத்தியில மஞ்சள் குங்குமம் வெச்சு, தடவிக் குடுத்துத்தான் அனுப்புவோம். கயித்தைக் கூட நாங்க தர மாட்டோம், வாங்கறவன் புதுக்கயிறு கொண்டாரணும். மாட்டுக்குச் செய்யற மரியாதையக்கூட உங்காளுங்க மனுசனுக்குச் செய்யலியா?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, என்னை நேராகப் பார்த்து ஏதோ ஒன்று கேட்டார். சுதாவின் முகம் மாறிவிட்டது.

"என்ன கேக்கறாரு?"

"ஒண்ணுமில்லீங்கத்தை."

"சொல்லு அம்மிணி."

"உங்கள ஆரு ட்ரேட் பண்ணாங்கன்னு கேக்கறாரு."

"நானா வந்தேன்னு சொல்லு" என்றேன் சட்டென்று. என் குரல் பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு எழும்பிவிட்டது.

நானாக வரவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் பலருக்கு இது புதிதாக இருக்காது. என் வீட்டுக்காரர் போன பிறகு பெரியவனும் சின்னவனும் போனில் பேசி முடிவு செய்தார்கள். எல்லாம் முடிவான பிறகுதான் எனக்குத் தெரியும், அதுவும் பால் ஊற்ற வந்தவள், "அமெரிக்கா போறீங்களாமா?" என்று கேட்டபோது. இரண்டு பிள்ளைகளும் நல்லவர்கள், எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைச் சுதாவிடமும் நான் சொன்னதில்லை. ரேமண்ட் என் பதிலைக் கேட்டு, தொப்பியை எடுக்கிறவர்போல நெற்றியைத் தொட்டுக்கொண்டார். மேலே கேட்கவில்லை.

விற்றதற்காகத்தான் போக மறுக்கிறார் என்று நானும் டயானும் நினைத்துக்கொண்டோம். அது இல்லை. அவரை இறக்கிவிட்ட மறுநாள் ஆட்டத்திலேயே அந்த எட்டாம் நம்பர் சட்டையை வேறு ஒரு பையனுக்குப் போட்டுவிட்டார்களாம். எர்னி என்று பெயர். பெரிய ஆட்டத்துக்குப் புதியவன். பத்திரிகையில் படத்தைப் பார்த்ததும் ரேமண்டுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. என் வேர்வை காயவில்லை, அதற்குள் இன்னொருவன் உடம்பில் என் சட்டையா என்று. கொஞ்ச நாளில் புதிய குழுவோடு பழைய ஊருக்கே ஆடப் போகிறார். கூட்டம் இவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறது, அழுகிறது. ஆட்டம் நடுவில் இருக்கையில் அந்தப் பையன் தலை குனிந்து வில்லையைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.

இந்த இடத்தில் சுதா சொல்வதை நிறுத்திவிட்டாள். டயான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லு கண்ணு" என்றேன்.

"அவர் வந்து... அவனை நான் பாக்கவே இல்லைங்கறாருங்கத்தை. மூஞ்சியே பாக்கலையாம். எட்டாம் நம்பரு வந்துச்சு, என்னோட நம்பரு. அதைத்தான் முழு வேகத்துல போய் இடிச்சேன்ங்கறாரு."

பையனின் தலை பனியில் மோதிய சத்தம் அத்தனை கூச்சலிலும் கேட்டதாம். ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போனார்கள். அவன் மறுபடி ஆடவில்லை. ரேமண்ட் அதற்குப் பிறகும் ஆடினார், கோல் போட்டார், கோப்பை வாங்கினார், பத்திரிகையில் வந்தார். எல்லோரும் அந்த மோதலை ஆட்டத்தில் சகஜம் என்றார்கள். விதிப்படி அதில் தப்பு இல்லையாம். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய அதிர்ச்சி. ஒரு பையனின் வாழ்க்கை போனது, விதிப்படி தப்பு இல்லை.

"அந்தப் பையன் இருக்கறானா?" என்று கேட்டேன்.

தெரியாது என்றார்.

"கேக்கவே இல்லியா? இத்தன வருசத்துல?"

கேட்கவில்லை. மகளிடம்கூடச் சொல்லவில்லை. டயான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல. பெற்ற அப்பாவை ஒரு மகள் அப்படிப் பார்த்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் எழுந்து போய்விடுவாள் என்று பயந்தேன். நல்லவேளை, எழவில்லை.

எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். "அந்தச் சட்டை ரெண்டு பேர் போட்டது. ரெண்டு பேருக்கும்தான் சொந்தம். அவன் இருந்தா கூப்பிட்டு உக்கார வெச்சுத் தொங்க விடச் சொல்லு. இல்லாட்டிப் போனா இவரு போகக் கூடாது. போனா அதுவும் இடிச்ச மாதிரித்தான்." சுதா இதை முழுதாகச் சொன்னாளா, மழுப்பினாளா எனக்குத் தெரியாது. ரேமண்ட் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தத் தழும்புகளெல்லாம் அன்றுதான் போட்டவைபோலச் சிவந்திருந்தன.

பிறகு பல நாள் அவர் மாலுக்கு வரவில்லை. நான் சொன்னது அதிகமோ என்று சுதா முணுமுணுத்தாள். "அமெரிக்காக்காரங்ககிட்ட இப்படி நேரா போட்டு உடைக்கக் கூடாதுங்கத்தை."

"அவரு அமெரிக்காக்காரர் இல்ல. கனடாக்காரரு. நம்மளாட்டத்தான், வந்தவரு."

டயான்தான் ஒருநாள் போன் செய்து சொன்னாள். அவளே அந்தக் குழுவின் ஆபீசுக்குப் பேசி, விசாரித்து, கண்டுபிடித்துவிட்டாள். எர்னி உயிரோடு இருக்கிறார். ஒரு சின்ன ஊரில் தங்கையின் வீட்டில். ஒருபக்கம் கை கால் சரியாக வராது, பேச்சு மிகவும் குறைவு. கல்யாணம் இல்லை. ரேமண்ட் இரண்டு நிபந்தனை வைத்தாராம். எர்னியை அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். தொங்கவிடுகிற சட்டையில் தன் பெயர் இருக்கக் கூடாது. அவர்கள் காலத்துச் சட்டையில் பெயர் எழுதும் வழக்கமே கிடையாது, நம்பர் மட்டும்தான். அதனால் குழுக்காரர்களும் பழைய முறைப்படி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். எர்னியின் தங்கை முதலில் வரமாட்டோம் என்று போனை வைத்துவிட்டாளாம். எர்னிதான் போகலாம் என்று கையைக் காட்டினாராம்.

அப்பாவும் மகளும் பயணம் போய்த் திரும்பிய வாரம், ரேமண்ட் கம்பியோரம் நின்றிருந்தார். தொப்பியை எடுத்து, குட் மார்னிங் சொன்னார். நடந்தது என்னவென்று நான் கேட்குமுன் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். சுதா அவர் வாயைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னாள்.

விளக்கை அணைத்து, ஒரே ஒரு வெளிச்சம் மட்டும் போட்டு, அந்தச் சட்டையைக் கயிற்றில் மேலே ஏற்றினார்கள். அரங்கம் நிறைய சனம் எழுந்து நின்று கை தட்டியது. தட்டியவர்களில் ஒருவருக்கும் அவர் ஆடியதைப் பார்த்திருக்கிற வயசில்லை. பக்கத்தில் சக்கர நாற்காலியில் எர்னி. அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாம். தொடர் முடிந்தால், அதுவரை ஒருவனை ஒருவன் அடித்துக்கொண்டவர்கள் வரிசையாக நின்று கை கொடுத்துக்கொள்ள வேண்டும். ரேமண்டும் குனிந்து கையை நீட்டினார். எர்னி கையைப் பார்த்தார், கொடுக்கவில்லை. நன்றாக இருக்கும் கையை மெதுவாகத் தூக்கி, மேலே தொங்குகிற சட்டையைக் காட்டி, கஷ்டப்பட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மைன்."

என்னுடையது.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எஸ்" என்று சொன்னாராம். ஆமாம், உன்னுடையதுதான். பத்திரிகைப் படக்காரர்கள் கிழவர்கள் இருவரும் சந்தோஷமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் படம் எடுத்துத் தள்ளினார்களாம். அதன்பின் ஆட்டம் முடியும்வரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒரு பேச்சும் இல்லை. ரேமண்ட் இதைச் சொல்லிவிட்டு அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. மன்னிப்புக் கிடைத்தது என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் நன்றாக நிமிர்ந்து நின்றார். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவனிடமிருந்து போன் வந்தது. எனக்கு ஊருக்குப் போகும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி வருசம் இங்கே, பாதி வருசம் அங்கே என்பது பிள்ளைகள் போட்ட ஏற்பாடு. அதற்கு முந்தைய முறை பேசியபோது பெரிய மருமகள் வாய்தவறி ஒன்று சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா, என் சம்பந்தியம்மா, புருசன் போன பிறகு தனியாக இருக்க முடியாமல் ஊரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாராம். நான் விமானம் ஏறிய வாரத்திலேயே. என் அறையில், என் கட்டிலில்தான் படுத்துக்கொள்கிறாராம். அது என் கல்யாணச் சீரில் வந்த தேக்குக் கட்டில். கேட்டதும் போனைச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனவள், அந்தச் சம்பந்தியம்மாளை மனதுக்குள் எத்தனை முறை இழுத்துக் கீழே தள்ளியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும்.

பெரியவன் இழுத்து இழுத்துப் பேசினான். "அம்மா, நீங்க வர்றதுக்குள்ள உங்க ரூமை காலி பண்ணி வெச்சர்றனுங்க. அவங்கள ஹால்ல படுக்கச் சொல்லியாச்சு."

"ஆரு சொன்னது ஹால்ல படுக்கச் சொல்லி?"

"இல்லீங்கம்மா, உங்களுக்கு..."

"அவங்க கட்டில்ல எந்தப் பக்கம் படுக்கறாங்க?"

போனைப் பொத்திக்கொண்டு பெரிய மருமகளிடம் விசாரித்தான்.

"சன்னல் பக்கமுங்க" என்றான்.

"அப்படியே இருக்கட்டும். கட்டில் பெருசு. நான் செவுத்துப் பக்கம் படுத்துக்கறேன்."

கேட்டுக்கொண்டிருந்த சுதாவுக்குக் கண் விரிந்துவிட்டது. "சம்பந்திங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்லயா? ஊரே சிரிக்கும்ங்கத்தை."

"சிரிக்கட்டும். குறட்டை விடறவங்களா இருந்தா அப்பப் பாத்துக்கலாம்."

பெருந்தன்மையால் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கட்டில் என்னுடையதுதான், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. கேட்டால் இப்போதும் என்னுடையது என்றுதான் சொல்வேன். அந்தம்மாளும் என்னுடையது என்று சொன்னால், ஆமாம் என்று சொல்ல இப்போதிருந்தே பழகிக்கொள்கிறேன். சின்னவன் எனக்கு இங்கே வாங்கிப் போட்டிருக்கும் மெத்தை ஒரு ஆளுக்கு ரொம்ப அகலம். சில நாளாகக் காலையில் கண் விழிக்கும்போது பார்க்கிறேன், சுவரோரமாக ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். சன்னல் பக்கம் பாதி மெத்தை, போர்வை கலையாமல், அப்படியே காலியாகக் கிடக்கிறது.